வண்டி அடிவாரத்தில் நிற்கட்டும்
கொங்கு நாட்டு ஃபோர் வீல் டிரைவ் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, சேலம் என்று கொங்கு நாட்டின் பெரிய ஊர்களில் எல்லாம் இன்று ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்காரர்கள் குழுவாகச் சேர்ந்து மலைக்குப் போகிறார்கள். தார், ஜிம்னி, கூர்க்கா, பார்த்துப் பார்த்துப் புதுப்பித்த பழைய ஜீப் என்று வண்டிகள் வரிசையாகக் கிளம்புகின்றன. கூடாரம், மெத்தை, கேஸ் அடுப்பு, குளிர்பெட்டி, ஜெனரேட்டர், தண்ணீர்க் கேன் எல்லாம் ஒரு வண்டியில் அடங்காதபோது பின்னால் ஒரு சிறிய டிரெய்லரும் சேர்ந்துகொள்கிறது. ஆனைமலை, சிறுவாணி, சத்தியமங்கலம், பர்கூர் மலைகளின் ஓரத்தில் எங்கோ தள்ளி இருக்கும் ஒரு தோட்டத்து முகாமோ ஓடைக்கரையோதான் போய்ச் சேரும் இடம். உங்கள் ஆசையில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. வாரம் முழுக்க மில்லிலும் பட்டறையிலும் அலுவலகத்திலும் உழைத்தவர்களுக்கு மலை தேவைதான். நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று: எல்லாருக்கும் பொதுவான சாலை எங்கே முடிகிறதோ அங்கே வண்டியை நிறுத்திவிட்டு, மிச்சத்தை நடந்து போங்கள். டிரெய்லரைக் காட்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பதற்குக் காரணங்களைச் சொல்கிறேன். உங்கள் தரப்பில் எழக்கூடிய நியாயமான மறுப்புகளுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் ஏறிப்போகும் பாதைகள் எப்படி வந்தன என்று பார்க்க வேண்டும். நம் மலைகளில் உள்ள வண்டித் தடங்களில் பெரும்பாலானவை எதையாவது கீழே கொண்டுவருவதற்காக வெட்டப்பட்டவை. டாப்சிலிப் என்ற பெயரே அதைச் சொல்கிறது: வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சறுக்கி விட்ட இடம் அது. கப்பல் கட்டவும் ரயில் பாதை போடவும் ஆனைமலைத் தேக்கு இறங்கியது. அடுத்த மலையில் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை 1907-ல் டிராம் பாதையே ஓடத் தொடங்கி, 1963 வரை மரம் சுமந்தது. பிறகு தேயிலைக்கும் காப்பிக்கும் தடங்கள் வந்தன. பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்துக்கும் குந்தா மின்திட்டத்துக்கும் இன்னும் பல தடங்கள் வந்தன. மரம் இறக்குவது நின்றுபோனது, அணை கட்டி முடிந்தது. தடம் மட்டும் மூடப்படவில்லை. ஒரு வேலைக்காக வெட்டிய வழி அந்த வேலை முடிந்த பிறகும் வேறு யாரையாவது அழைத்துக்கொண்டே இருக்கிறது. தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண் லாரிகள் போட்ட தடங்களுக்கும் இதே கதைதான்; செங்கல் சூளைகள் 2021-ல் மூடப்பட்டாலும் அவற்றுக்காகத் தோண்டிய பள்ளங்கள் யானை நடக்கும் நிலத்தில் இன்னும் கிடக்கின்றன. ஆகவே ஒரு புதிய சக்கரத் தடத்தை ஒரு நாள் பயணமாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. அது பின்னால் வருகிற அத்தனை பேருக்கும் எழுதிக்கொடுத்த அனுமதிச் சீட்டு.

முதல் காரணம் மண். சக்கரம் மண்ணை என்ன செய்யும் என்பதைக் கொங்கு நாட்டுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் ஊர் இட்டேரியைப் பாருங்கள். இரு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மாட்டுவண்டி போன வழி. தலைமுறை தலைமுறையாகச் சக்கரம் அழுத்தி அழுத்தி, தோட்டத்து மண்ணைவிட இட்டேரி தாழ்ந்து கிடக்கும். மழை பெய்தால் அதுவே ஓடையாகிவிடும். சமவெளியில், மெதுவாகப் போகும் மாட்டுவண்டி செய்த வேலை இது. ஒன்றே கால் டன்னிலிருந்து இரண்டு டன்வரை எடையுள்ள வண்டி, கரடுமுரடான டயரோடு, மழை நனைத்த மலைச்சரிவில் ஏறினால் அதே வேலை சில நாட்களில் நடந்துவிடுகிறது. மண் இறுகுவதில் பெரும்பகுதி முதல் சில ஓட்டங்களிலேயே நிகழ்ந்துவிடும் என்பது மண்ணியலார் நன்கறிந்த விஷயம். இறுகிய மண்ணுக்குள் தண்ணீர் இறங்காது, மேலே ஓடும். சக்கரப் பள்ளம் அந்த ஓட்டத்துக்கு வாய்க்கால் வெட்டித் தருகிறது. சரிவில் வாய்க்கால் ஆழமாகி ஓடையாகிறது, மேல்மண்ணை அரித்துக் கீழே கொண்டுபோகிறது. கோவை குடிக்கும் தண்ணீர் சிறுவாணியிலிருந்தும் பில்லூரிலிருந்தும் வருகிறது. பொள்ளாச்சிப் பக்கத்துக்கு ஆழியாறு இருக்கிறது. நொய்யல் பிறப்பதும் வெள்ளியங்கிரி மலைத் தொடரில்தான். பில்லூர் அணையில் சேறு படிந்து கொள்ளளவு குறைந்ததை நாம் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறோம். அந்தச் சேறு முழுவதையும் ஜீப் கொண்டுவந்தது என்று சொல்லவில்லை. ஆனால் மேல்மலையில் மண்ணைக் கிளறும் எந்தச் செயலும் நம் வீட்டுக் குழாயோடு தொடர்புடையது என்பதை மறந்துவிட்டு மலைக்குப் போகக் கூடாது.

இரண்டாவது காரணம் யானை. தனி வண்டியைவிட டிரெய்லர் பல மடங்கு ஆபத்தாவது இந்த இடத்தில்தான். நம் மலைகளில் சுலபமான சரிவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் யானையும் நடக்கும், பாதையும் போகும், இரண்டும் ஒன்றுதான். குறுகிய தடத்தில் திருப்பத்துக்கு அப்பால் ஒரு யானைக் கூட்டம் குட்டியோடு நின்றால் வண்டிக்காரர் செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்றே: சத்தம் இல்லாமல் பின்னுக்கு எடுப்பது. கரும்பு டிராக்டர் ஓட்டுபவரைக் கேளுங்கள், டிரெய்லரைப் பின்னுக்கு எடுப்பது எப்படிப்பட்ட வித்தை என்று சொல்வார். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம் டிரெய்லர் போகும். கொஞ்சம் அதிகமானால் மடங்கிக் குறுக்கே நின்றுவிடும். களத்துமேட்டில் அது சின்னத் தொல்லை. ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் பள்ளமும் இருக்கும் தடத்தில், எதிரே யானை நிற்கும்போது, அது உங்களுக்கும் யானைக்கும் வெளியேறும் வழியை அடைத்துவிடும். பின்னால் இன்னும் நான்கு வண்டிகள் வரிசையாக நின்றால் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். போதாக்குறைக்கு, திருப்பத்தில் டிரெய்லரின் சக்கரம் முன்வண்டியின் தடத்திலேயே போகாமல் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு போகும். அதனால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தடம் அகலமாகிறது. திரும்பி வர இடம் வேண்டும் என்று புதர் வெட்டப்படுகிறது. சிக்கிய வண்டியை விஞ்ச் வைத்து இழுக்க மரத்தில் கட்டும் வடம், மரத்தின் பட்டையை உரித்துவிடுகிறது. ஓட்டுபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இவை நடக்கத்தான் செய்யும்.

மூன்றாவது காரணம் சுமை. முதுகில் தூக்கிப் போகிறவர் எதை எடுத்துப்போவது என்று பத்து முறை யோசிப்பார். டிரெய்லர் இருந்தால் அந்த யோசனை வராது. ஒலிபெருக்கி ஏறும், ஜெனரேட்டர் ஏறும், பாட்டில் பெட்டிகள் ஏறும். காட்டில் உடைந்து கிடந்த மதுப்பாட்டில்கள் யானையின் பாதத்தைக் கிழிப்பதைக் கண்டுதான் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022-ல் நீலகிரியில் காலிப் பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் வந்தது. சுமையோடு ஏறுவது பொருள் மட்டும் அல்ல. டயர் இடுக்கில் ஒட்டிய சேற்றில் பார்த்தீனிய விதை இருக்கிறது. வயல்காட்டையும் ரோட்டோரத்தையும் கெடுத்த அந்தக் களையை நாமே மலைக்குச் சுமந்து போகிறோம். உண்ணிச்செடி ஏற்கெனவே முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் புல் முளைக்க வேண்டிய இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. புல் போனால் மானும் காட்டெருமையும் எங்கே மேயும்? பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை இடுப்பளவு காய்ந்த புல்லின்மேல் சூடான புகைக்குழாயோடு வண்டியை நிறுத்துவது தீக்குச்சியைக் கிழித்துப் போடுவதற்கு அடுத்த படி. நடந்துபோகிறவரும் தீ வைக்கக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் அவர் அடுப்பை அணைத்தால் ஆபத்து தீர்ந்தது. வண்டியின் சூடு இஞ்சினை அணைத்த பின்பும் கொஞ்ச நேரம் இருக்கும்.

இனி உங்கள் மறுப்புகள். "நாங்கள் ஒழுங்கானவர்கள், குப்பை போடுவதில்லை, ஹாரன் அடிப்பதில்லை, டயரில் காற்றைக் குறைத்து, லோ கியரில், மண் அரிக்காமல் ஓட்டத் தெரிந்தவர்கள். குடித்துவிட்டு ரீல்ஸ் எடுக்க வருகிறவர்களோடு எங்களைச் சேர்க்காதீர்கள்" என்பீர்கள். நம்புகிறேன். தேர்ந்த கை ஓட்டினால் சேதம் குறையும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் வாதம் உங்கள் ஒழுக்கத்தைப் பற்றியது அல்ல. திறமையாக ஓட்டிய வண்டியும் தடத்தைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வருகிறது. நீங்கள் கவனமாகப் போட்ட தடத்தின் படத்தையும் வழியையும் பார்த்து அடுத்த வாரம் வருகிறவருக்கு உங்கள் கவனம் இருக்குமா? உங்களைவிடத் திறமை குறைந்தவர் அதே மேட்டில் நான்கு சக்கரத்தையும் சுழற்றி, குழி பறித்து, பக்கத்தில் புதுவழி ஒன்றைத் தேடுவார். ஒரு தடம் இரண்டாவதும் இரண்டு மூன்றாவதும் இப்படித்தான். நல்லவர்கள் திறக்கும் வழியில் எல்லாரும் வருவார்கள் என்பதால், வழியைத் திறக்காமல் இருக்கும் பொறுப்பு முதலில் நல்லவர்கள்மேல்தான் விழுகிறது.

"வனத்துறை ஜீப் போகிறது, எஸ்டேட் டிராக்டர் டிரெய்லரோடு போகிறது, மின்வாரிய லாரி போகிறது; நாங்கள் மட்டும் ஏன் போகக் கூடாது?" என்பது அடுத்த கேள்வி. தீயணைக்கவும் ரோந்து போகவும் தேயிலை இறக்கவும் மின்கம்பி பார்க்கவும் போகிற வண்டிக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலைக்கு வேறு வழியும் இல்லை. நமக்கு வேலை, அங்கே போய் இருப்பது மட்டும்தான். அதை நடந்துபோயும் செய்யலாம். சட்டமும் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டதுதான். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் அனுமதி இல்லாமல் நுழைவதைக் குற்றம் என்கின்றன. ஆனைமலை 2007 முதலும், சத்தியமங்கலம் 2013 முதலும் புலிகள் காப்பகங்கள். "எங்கள் முகாம் பட்டா நிலத்தில் இருக்கிறது" என்று சிலர் சொல்லலாம். பட்டா நிலம் உங்களுடையதாக இருக்கலாம், அதைத் தொடும் வழியில் நடக்கும் யானைக்குப் பட்டா எல்லை தெரியாது. நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகள் பற்றிய வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் சாரமும் அதுதான்: யானை வழித்தடத்தில் தனியார் உரிமைக்கும் எல்லை உண்டு.

மிகக் கனமான மறுப்பு இனிமேல்தான் வருகிறது. "காட்டுக்குள் சாலை வேண்டாம், வண்டி வேண்டாம் என்று நகரத்தில் இருந்து எழுதுவது சுலபம்; மலையில் வாழ்கிறவர்களின் கதி என்ன?" உடுமலைப்பேட்டைக்கு மேலே குழிப்பட்டி போன்ற மலைவாழ் குடியிருப்புகளில் இருந்து நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து திருமூர்த்திமலைக்கு இறக்கியதைச் செய்திகளில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். அந்த மக்களுக்குச் சாலை வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் அதற்கு வழி வைத்திருக்கிறது: கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு வசதிக்கு ஒரு ஹெக்டேருக்கும் குறைவாக, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், சாலை உள்ளிட்ட அடிப்படை வசதிகளுக்கு வனநிலத்தைத் தரலாம். அந்த அளவைக் கவனியுங்கள். ஒரு கிராமத்தின் உயிருக்கே சட்டம் இவ்வளவு கணக்குப் பார்த்துத்தான் இடம் தருகிறது. அப்படிப் பெற்ற சாலையில் விடுமுறைப் பயணத்துக்காகப் பத்து வண்டிகள் வரிசையாக ஏறினால், முதல் பெருமழையில் அது சிதைந்து, தொட்டில் மறுபடி தோளுக்கு வரும். மேலும், சுற்றுலா வண்டிகள் பெருகினால் அவற்றைக் காரணம் காட்டியே புதிய சாலைக்கு அனுமதி மறுக்கப்படும். மலைமக்களின் தேவையை நம் பொழுதுபோக்குக்குச் சாட்சியாக அழைப்பது நியாயம் இல்லை; அவர்கள் பாதையை அவர்களுக்கே விட்டுவைப்பதுதான் நியாயம்.

"வயதானவர்கள் எப்படி நடப்பார்கள்? ஆபத்து வந்தால் வண்டி பக்கத்தில் வேண்டாமா?" என்பதும் தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல. 2018 மார்ச் 11-ல் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் இறந்தார்கள். நடை ஆபத்தே இல்லாதது என்று அதற்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது. வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறுகிறவர்களிலும் மூச்சுத் திணறி இறந்தவர்கள் உண்டு. ஆனால் குரங்கணிச் சரிவில் வண்டி ஏறி வந்து யாரையும் தூக்கிப் போயிருக்க முடியாது. அங்கே காப்பாற்றியிருக்கக் கூடியவை வேறு: தீப்பருவத்தில் போகாமல் இருப்பது, முறையான அனுமதி, காட்டை அறிந்த வழிகாட்டி. அதனால்தான் அதே ஆண்டு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது; 2024-ல் வனத்துறை வழிகாட்டிகளோடு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. வயதானவர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் வண்டி வேண்டும், சரி. டாப்சிலிப்பில் வனத்துறை வண்டி இருக்கிறது. பல இடங்களில் உள்ளூர் ஜீப் இருக்கிறது. ஒரு பாட்டிக்காக ஒரு வண்டி போவதையும், பாட்டியைக் காரணம் காட்டிப் பன்னிரண்டு வண்டிகள் போவதையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

"நாங்கள் போகாவிட்டால் மலைக்காரர்களுக்கு வருமானம் போய்விடும்" என்பது கடைசி மறுப்பு. டிரெய்லரில் அரிசி முதல் கட்டில் வரை கொண்டுபோகிறவர் மலையில் எதை வாங்கப்போகிறார்? வருமானம் தருகிறவர் வெறுங்கையோடு போகிறவர்தான். தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியில் வண்டியை விட்டுவிட்டு உள்ளூர் ஜீப்பில்தான் ஏறுகிறார்கள். ஓட்டுபவருக்குப் பிழைப்பு, பாதைக்கும் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் ஒரு கணக்கு. அந்த முறையிலும் குறை வரும். 2025 ஜூலையில் மூணாறு பக்கம் நடந்த விபத்துக்குப் பிறகு, சூரியநெல்லி இருக்கும் இடுக்கி மாவட்டத்தின் நிர்வாகம் ஜீப் சவாரியையே தடைசெய்ய வேண்டியதாயிற்று. எனவே உள்ளூர் ஜீப் என்றாலே எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. கணக்குக்கு உட்பட்ட ஒரு வண்டி, கணக்கில்லாத பல வண்டிகளைவிட மேல் என்றுதான் சொல்கிறேன். நமக்குப் பக்கத்திலேயே காரமடைக்கு மேலே பரளிக்காடு இருக்கிறது. பில்லூர் நீர்த்தேக்கத்தில் பரிசல் ஓட்டுவதும் சாப்பாடு சமைப்பதும் அந்த ஊர்ப் பழங்குடி மக்கள். வருகிறவர் கொண்டுவர வேண்டியது மாற்று உடை மட்டும்தான்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு நடைமுறை உண்மையும் இருக்கிறது. நாமாக ஒரு எல்லை வகுக்காத இடத்தில் எல்லாம் நீதிமன்றம் வகுத்துவிட்டது. திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரி 10 முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதலும், வால்பாறைக்கு 2025 நவம்பர் முதலும் இ-பாஸ் வந்தது. அந்தக் கட்டுப்பாடுகளால் மலையில் வாழ்கிறவர்களும் காய்கறி ஏற்றுகிறவர்களும் சிரமப்படுகிறார்கள். சுற்றுலாப் பயணிகளின் அளவின்மைக்கு அவர்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்? உங்கள் குழுக்கள் சொந்த விதியாக நான்கு வரி எழுதிக்கொண்டால் போதும். பொதுச் சாலை முடியும் இடத்தில் வண்டி நிற்கும். டிரெய்லர் மலைக்கு வராது. சுமை இருந்தால் உள்ளூர் வண்டி ஒன்றில் போகும், ஆட்கள் உள்ளூர் வழிகாட்டியோடு நடப்பார்கள். தடத்தின் வழியும் படமும் யாருக்கும் பகிரப்படாது. வண்டி ஓட்டும் வித்தையைக் காட்ட வேண்டுமென்றால் கைவிட்ட கல்குவாரியும் சொந்தத் தோட்டமும் இருக்கின்றன. நிலச்சரிவும் வெள்ளமும் வரும் நாளில் மாவட்ட நிர்வாகம் அழைத்தால் போய் நிற்க உங்களைவிடத் தகுதியானவர்களும் இல்லை. அந்த நாளுக்காக உங்கள் பெயர்களையும் வண்டிகளையும் இப்போதே பதிந்து வையுங்கள்.

டாப்சிலிப்பில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை இருக்கிறது. வெட்டி மொட்டையான ஆனைமலையில் அவர் கைத்தடியால் மண்ணில் குழி குத்தி, பையில் இருந்த தேக்கு விதையை அதில் போட்டுக்கொண்டே நடந்தார் என்று சொல்வார்கள். 1933-ல் இறந்தவரைச் சுற்றி அந்த மரங்கள் இன்று ஓங்கி நிற்கின்றன. அதே மலையில் மரம் இறக்கியவர்கள் விட்டுப்போனது தடங்களை. நாம் இந்த இரண்டில் எதை விட்டுப்போகிறோம் என்பது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. அடுத்த சனிக்கிழமை காலையில், தார் ரோடு முடிந்து மண்தடம் தொடங்கும் இடத்தில், சாவியைத் திருப்பி இஞ்சினை அணைக்கிறோமா இல்லையா என்பதில் இருக்கிறது. அணைத்துவிட்டு இறங்குங்கள். பையைத் தோளில் மாட்டுங்கள். முகாம் அங்கேதான் இருக்கும். கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்வீர்கள், அவ்வளவுதான்.

அன்புடன்,
சிறுவாணித் தண்ணீர் குடிக்கும் கோவைக்காரர் ஒருவர்